இருவழி சுவிட்ச் இணைப்பும் அதன் பழுதுகளும்

ஒரே விளக்கை இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து எரியவிடவும் அணைக்கவும் உதவும் மின் இணைப்பு இருவழி சுவிட்ச் இணைப்பு ஆகும். மாடிப்படி, நீண்ட நடை, இரு வாசல் உள்ள கூடம், படுக்கையறையின் கதவோரமும் கட்டிலோரமும் ஆகிய இடங்களில் இது பயன்படுகிறது. மாடிப்படியில்தான் மிகுதியாகக் காணப்படுவதால் மின்பணியாளர்கள் இதை மாடிப்படி வயரிங் என்றும் டூ-வே வயரிங் என்றும் அழைக்கின்றனர். தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர் பிரிவு மாணவர்கள் தொடக்கத்திலேயே செய்து பழகும் செய்முறைகளுள் இதுவும் ஒன்று.

இணைப்பு எளியது, ஆனால் இதன் பழுதுகள் குழப்பமானவை. சாதாரணச் சுவிட்ச் பழுதானால் விளக்கு எரியாது, அல்லது அணையாது. இருவழி இணைப்பில் பழுது ஏற்பட்டால் விளக்கு சில வேளை எரியும், சில வேளை எரியாது. கீழே போட்டால் எரிவதும், மாடியில் ஒருவர் தொட்டுவிட்டால் கீழே எத்தனை முறை தட்டினாலும் எரியாமல் இருப்பதும் வழக்கமான புகார்கள். இருட்டில் படி இறங்கும் முதியவர்கள் உள்ள வீட்டில் இது சிறிய தொல்லை அன்று. அதைச் சரிசெய்ய முயல்பவருக்கும் இந்த இணைப்பில் சாதாரணச் சுவிட்சில் இல்லாத சில ஆபத்துகள் உள்ளன.

அமைப்பும் செயல்பாடும்

சாதாரண ஒருவழி சுவிட்சுக்கு இரண்டு முனைகள் உண்டு. இருவழி சுவிட்சுக்கு மூன்று. அவற்றுள் ஒன்று பொதுமுனை. சுவிட்சை ஒரு பக்கம் தட்டினால் பொதுமுனை மற்ற இரண்டில் ஒன்றோடு சேரும். மறுபக்கம் தட்டினால் அதை விட்டு மற்றொன்றோடு சேரும். ஆகவே இருவழி சுவிட்சுக்குத் தனியாக 'ஆன்', 'ஆஃப்' என்ற நிலைகள் கிடையாது. இரண்டு நிலைகளிலும் அது எதனுடனாவது இணைந்தே இருக்கும்.

இந்திய வீடுகளில் பெரும்பாலும் காணப்படும் முறையில், ஃபேஸ் கம்பி படியடியில் உள்ள சுவிட்சின் பொதுமுனைக்கு வருகிறது. அச்சுவிட்சின் மற்ற இரு முனைகளிலிருந்து இரண்டு கம்பிகள் சுவருக்குள் உள்ள குழாய் வழியாக மாடிச் சுவிட்சின் அதேபோன்ற இரு முனைகளுக்குச் செல்கின்றன. இவ்விரண்டையும் இடைக்கம்பிகள் எனலாம். மாடிச் சுவிட்சின் பொதுமுனையிலிருந்து ஒரு கம்பி விளக்கின் ஹோல்டருக்குப் போகிறது. நியூட்ரல் எந்தச் சுவிட்சையும் தொடாமல் நேராக ஹோல்டரை அடைகிறது.

இரு சுவிட்சுகளும் ஒரே இடைக்கம்பியைத் தேர்ந்திருந்தால் விளக்கு எரியும்; வெவ்வேறு கம்பிகளைத் தேர்ந்திருந்தால் எரியாது. சுவிட்சுகளுக்கு மொத்தம் நான்கு கூட்டுநிலைகள். அவற்றில் இரண்டில் விளக்கு எரிய வேண்டும். எந்த நிலையில் இருந்தாலும், ஏதேனும் ஒரு சுவிட்சை மாற்றினால் விளக்கின் நிலையும் மாற வேண்டும். கணினியியல் மாணவர்கள் இதை எக்ஸ்-ஆர் தர்க்கத்தின் ஒரு வடிவமாக அடையாளம் காண்பர். சுவிட்சுச் சுற்றுகளையும் பூலியன் இயற்கணிதத்தையும் இணைத்து கிளாட் ஷானன் 1937இல் எழுதிய முதுகலை ஆய்வேடு இத்தகைய சுற்றுகளின் கணித அடிப்படையை விளக்கியது. பழுது பார்க்கையிலும் இந்த நான்கு நிலைகளே முதல் கருவி.

வேறு இரு முறைகளும் உண்டு. ஒன்றில், சுவிட்சுகளுக்கு இடையே இரண்டுக்குப் பதில் மூன்று கம்பிகள் ஓடும். இரு பொதுமுனைகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும். பிரிட்டனில் இது பரவலானது. மற்றொன்று, கம்பியை மிச்சம் பிடிப்பதற்காகச் செய்யப்படும் ஆபத்தான முறை. அதில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் அருகிலுள்ள ஃபேஸும் நியூட்ரலும் இரு முனைகளில் கொடுக்கப்பட்டு, விளக்கு இரு பொதுமுனைகளுக்கும் இடையே இணைக்கப்படும். விளக்கு சரியாகவே எரியும், அணையும். ஆனால் அணைந்திருக்கும் இரு நிலைகளில் ஒன்றில் ஹோல்டரின் இரு முனைகளிலும் ஃபேஸ் இருக்கும். விளக்குதான் அணைந்திருக்கிறதே என்று பல்பு மாற்றக் கைவைப்பவருக்கு அது உயிராபத்து. தவிர, ஒரே சுவிட்சின் அடுத்தடுத்த முனைகளில் ஃபேஸும் நியூட்ரலும் இருப்பதால், தொடுமுனைகள் தேய்ந்து தீப்பொறி நீளும்போது அங்கேயே குறுக்குச்சுற்று ஏற்படலாம். பழைய வீடு ஒன்றில் இந்த முறை இருப்பது தெரியவந்தால், அதைப் பழுதுபார்ப்பதைவிட முழுவதும் மாற்றி இழுப்பதே சரி.

மின்சாரத்தை நிறுத்துவது

சாதாரணச் சுவிட்சைக் கழற்றுமுன் அதற்குரிய எம்.சி.பி.யை இறக்கினால் பெரும்பாலும் போதும். மாடிப்படி விளக்குக்கு அது போதாது. கீழ்த்தளமும் மேல்தளமும் தனித்தனி சர்க்யூட்டுகளாக இருக்கும் வீட்டில், மாடிச் சுவிட்ச் பெட்டிக்குள் இரண்டு சர்க்யூட்டுகளின் கம்பிகளும் இருக்கக்கூடும். மும்முனை மின்னிணைப்பு உள்ள வீடுகளில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மேல்தளம் வேறொரு ஃபேஸிலும் ஓடுவது வழக்கம். அவ்வாறான பெட்டிக்குள் இரு ஃபேஸ்களுக்கிடையே இருப்பது 230 வோல்ட் அன்று, ஏறத்தாழ 400 வோல்ட்.

மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டர் பொருத்திய தமிழ்நாட்டு வீடுகளில் முதலில் அந்த லைனில் சேர்க்கப்பட்ட விளக்குகளுள் மாடிப்படி விளக்கும் ஒன்றாக இருக்கும். அங்கே மெயின் சுவிட்சை இறக்கினால் மின்சாரம் போனதாகக் கருதி இன்வெர்ட்டர் உடனே தன் மின்சாரத்தைக் கொடுக்கும். மெயினை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு கம்பியைத் தொடுபவருக்கு மின்னதிர்ச்சி கிடைப்பது இவ்வாறுதான். ஆகவே மெயினையும் இன்வெர்ட்டரையும் இரண்டையுமே நிறுத்த வேண்டும். பிறகு இரு சுவிட்ச் பெட்டிகளிலும் ஒவ்வொரு கம்பியையும் சோதிக்க வேண்டும். சோதிக்கும் டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை, நிறுத்துவதற்கு முன்பே மின்சாரம் இருக்கும் ஒரு பிளக் பாயிண்டில் பார்த்துக்கொள்வது அவசியம். பழுதான டெஸ்டரும் எரியாது, மின்சாரம் இல்லாத கம்பியிலும் டெஸ்டர் எரியாது.

வீட்டு வயரிங் வேலையை உரிமம் பெற்றவர்களே செய்ய வேண்டும் என்பது இந்தியாவில் நடைமுறையிலுள்ள மின் பாதுகாப்பு விதி. பழுது என்ன என்பதைக் கண்டறிந்து வைப்பது வீட்டுக்காரரின் வேலையாகவும், கம்பியைத் தொடுவது வயர்மேனின் வேலையாகவும் இருந்தால் நேரமும் பணமும் மிச்சமாகும். அடுத்து வரும் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. எந்த மூடியையும் கழற்ற வேண்டியதும் இல்லை.

நான்கு நிலைச் சோதனை

ஒருவர் கீழேயும் ஒருவர் மாடியிலும் நின்றுகொண்டு நான்கு கூட்டுநிலைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்து, எத்தனை நிலைகளில் விளக்கு எரிகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு சுவிட்சும் மேல்நோக்கி, இரண்டும் கீழ்நோக்கி, படியடியில் மேல், மாடியில் கீழ், படியடியில் கீழ், மாடியில் மேல். அந்த எண்ணிக்கையே பழுதின் வகையைச் சொல்லிவிடும்.

நான்கிலும் எரியவில்லை என்றால் முதலில் பல்பு, பிறகு எம்.சி.பி., பிறகு ஹோல்டர். அவை சரியாக இருந்தால், இரு வழிகளுக்கும் பொதுவான கம்பிகளில் ஒன்று அறுந்திருக்க வேண்டும்: படியடிச் சுவிட்சுக்கு வரும் ஃபேஸ், மாடிச் சுவிட்சிலிருந்து போகும் விளக்குக் கம்பி, நியூட்ரல். இடைக்கம்பிகள் இரண்டும் ஒரே நேரத்தில் அறுந்துபோவது அரிது. நான்கிலும் எரிந்துகொண்டே இருந்தால் இரு இடைக்கம்பிகளும் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன. ஜங்ஷன் பாக்ஸில் முறுக்கிய இடத்தில் இன்சுலேஷன் டேப் பிரிந்திருக்கலாம். சுவரில் ஆணியோ திருகாணியோ அடித்தபோது குழாய்க்குள் இரு கம்பிகளையும் அது துளைத்திருக்கலாம்.

இரண்டு நிலைகளில் எரிந்தாலும் எல்லாம் சரி என்று பொருளில்லை. ஒரு சுவிட்ச் மட்டும் விளக்கை முழுமையாகக் கட்டுப்படுத்தி, மற்றது எதுவும் செய்யாமல் இருந்தால் அதிலும் கணக்கு இரண்டே வரும். செயலற்ற அந்தச் சுவிட்சின் உள்ளே நகரும் பாகம் உடைந்தோ, உருகி ஒட்டியோ ஒரே பக்கம் நின்றுவிட்டது என்பது முதல் ஊகம். இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஒரு முனையில் இருவழி சுவிட்சுக்குப் பதில் சாதாரணச் சுவிட்சை வாங்கி வந்து, மூன்று கம்பிகளுக்கு இரண்டே முனைகள் இருப்பதைக் கண்டு, இடைக்கம்பிகள் இரண்டையும் சேர்த்து முறுக்கி ஒரே முனையில் மாட்டியிருப்பார்கள். வேலை முடிந்ததும் விளக்கு எரிந்திருக்கும். மறுமுனைச் சுவிட்ச் வேலை செய்யாதது இரண்டு நாள் கழித்தே தெரிய வந்திருக்கும்.

மூன்று நிலைகளில் எரிவது அரிது. ஓர் இடைக்கம்பி, ஃபேஸ் கம்பியையோ விளக்குக்குப் போகும் கம்பியையோ எங்கோ தொடும்போது இவ்வாறு ஆகும். மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் சுவிட்ச் தேய்ந்துவிட்டது என்று மாற்றுவார்கள், பலன் இராது. இது இன்சுலேஷன் பழுது. மழைநீர் இறங்கும் சுவராக இருந்தால் உடனடியாகக் கவனிக்க வேண்டியது.

ஒரே நிலையில் மட்டும் எரியும் பழுது

நடைமுறையில் அடிக்கடி வருவது இதுதான். நான்கில் ஒரே ஒரு கூட்டுநிலையில் மட்டும் விளக்கு எரியும். ஒரு சுவிட்சைக் குறிப்பிட்ட பக்கத்திலேயே விட்டுவைத்தால் மற்றது சாதாரணச் சுவிட்சைப் போல ஒழுங்காக வேலை செய்யும். அதனால் பல வீடுகளில் மாடிச் சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, யாரும் தொடாதே என்று சொல்லிவிட்டு ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுகிறார்கள்.

இந்த ஒரே அறிகுறிக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உள்ளன. ஓர் இடைக்கம்பி அறுந்திருக்கலாம், அல்லது அதன் திருகாணி தளர்ந்தோ தொடுமுனை கருகியோ இருக்கலாம். அப்போது மீதமுள்ள ஒரே இடைக்கம்பியை இரு சுவிட்சுகளும் தேர்ந்தால்தான் விளக்கு எரியும். இரண்டாவது, ஒரு சுவிட்சில் பொதுமுனைக்குரிய கம்பியும் ஓர் இடைக்கம்பியும் இடம் மாறியிருக்கலாம். மூன்றாவது, ஒருவழி சுவிட்சை மாட்டி, மிச்சமான இடைக்கம்பியை டேப் சுற்றி உள்ளே மடக்கி வைத்திருக்கலாம்.

இடம் மாறிய இணைப்பு ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது யோசித்துப் பார்க்கத் தக்கது. மாடிச் சுவிட்சில் விளக்குக் கம்பி இருக்க வேண்டிய பொதுமுனையில் முதல் இடைக்கம்பியும், அதற்குரிய பக்கமுனையில் விளக்குக் கம்பியும் மாட்டப்பட்டதாகக் கொள்வோம். சுவிட்ச் ஒரு பக்கம் இருக்கும்போது முதல் இடைக்கம்பி விளக்கோடு சேரும்; சரியாகவே இருக்கும். மறுபக்கம் தட்டினால் இரு இடைக்கம்பிகளும் ஒன்றோடொன்று சேரும். விளக்கு தனித்து விடப்படும். ஆகவே மாடிச் சுவிட்ச் முதல் பக்கத்திலும், படியடிச் சுவிட்ச் முதல் இடைக்கம்பிக்கு ஃபேஸ் கொடுக்கும் பக்கத்திலும் இருந்தால் மட்டுமே விளக்கு எரியும். இரு சுவிட்சுகளிலும் இதே தவறு நேர்ந்து, பொதுமுனைகளில் வெவ்வேறு இடைக்கம்பிகள் மாட்டப்பட்டுவிட்டால் எந்த நிலையிலும் எரியாது. கம்பி எதுவும் அறுந்திராது, சுவிட்சும் புதிதாக இருக்கும், ஆனாலும் விளக்கு எரியாது.

காரணங்களைப் பிரித்தறிய முதல் துப்பு வரலாறு. பல ஆண்டுகள் நன்றாக வேலை செய்து, யாரும் கைவைக்காமலேயே பழுதாகியிருந்தால் அறுந்த கம்பி, தளர்ந்த திருகாணி, கருகிய தொடுமுனை ஆகியவற்றைத் தேட வேண்டும். வெள்ளையடிப்பின்போதோ, பழைய சுவிட்சுகளை மாடுலர் சுவிட்சாக மாற்றியபோதோ தொடங்கியிருந்தால் ஏறத்தாழ உறுதியாகப் பொதுமுனைதான் இடம் மாறியிருக்கும். பழைய வகைச் சுவிட்சுகளில் பெரும்பாலும் நடுத்திருகாணி பொதுமுனை. புதிய சுவிட்சிலும் நடுமுனையே பொதுமுனை என்று எண்ணி மாட்டுவதும், கழற்றும்போது எந்தக் கம்பி எங்கிருந்தது என்று குறிக்காமல் விடுவதும் இந்தத் தவறின் வேர்கள். மூன்று கம்பிகளும் ஒரே சிவப்பு நிறத்தில் இருப்பது நம் ஊர் வழக்கம் என்பதால், கழற்றிய பிறகு கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பொதுமுனைக் கம்பியில் ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

பொதுமுனையை அடையாளம் காண

சுவிட்சை முழுவதும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி காட்டும் பீப் ஒலி நிலையில் வைத்துச் சோதிக்கலாம். மூன்று முனைகளில் எந்த முனை, சுவிட்சின் ஒரு நிலையில் ஒன்றுடனும் மறு நிலையில் இன்னொன்றுடனும் ஒலி கொடுக்கிறதோ அது பொதுமுனை. மற்ற இரண்டுக்கும் இடையே எந்த நிலையிலும் ஒலி வரக்கூடாது. ஒரு நிலையில் மட்டும் ஒலி வந்து மறுநிலையில் எந்த இணையிலும் வரவில்லை என்றால், அந்தச் சுவிட்சின் ஒரு தொடுமுனை கருகிவிட்டது. சுவிட்ச் மாற்றினால் போதும்.

கம்பிகளைப் பிரித்தறிய, மின்சாரம் முழுவதும் நிறுத்தப்பட்டு, பல்பும் கழற்றப்பட்டு, இரு சுவிட்சுகளும் கழற்றப்பட்ட நிலையில், மாடியில் உள்ள மூன்று கம்பிகளில் இரண்டிரண்டாக நுனிகளைச் சேர்த்து முறுக்கிக் கீழே மீட்டரால் பார்க்க வேண்டும். எந்த இணையை முறுக்கியபோது கீழே இரண்டு கம்பிகளுக்கிடையே ஒலி வருகிறதோ அவையே இடைக்கம்பிகள். மீதமுள்ளது மாடியில் விளக்குக் கம்பி, கீழே ஃபேஸ். மூன்று இணைகளிலும் ஒலியே வராவிட்டால் ஓர் இடைக்கம்பி அறுந்திருக்கிறது. எது என்று அறிய, இரு பெட்டிகளிலும் உள்ள பச்சை எர்த் கம்பியைத் திரும்பு வழியாகக் கொள்ளலாம்: மாடியில் ஒவ்வொரு கம்பியாக எர்த்தோடு சேர்த்துக் கீழே பார்த்தால், முழுதாக உள்ளது ஒலிக்கும். சோதனை முடிந்ததும் முறுக்கியவற்றை மறக்காமல் பிரித்துவிட வேண்டும்.

அறுந்த கம்பியைப் புதிதாக இழுப்பதே தீர்வு. பழைய கம்பியின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்தால் பல குழாய்களில் வந்துவிடும். வராவிட்டால் ஸ்பிரிங் வயர் விட வேண்டும். குழாயில் இடமில்லை என்று சொல்லி, எர்த் கம்பியையே இடைக்கம்பியாக மாற்றிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை ஒருபோதும் ஏற்கக்கூடாது. பச்சைக் கம்பியில் மின்சாரம் இராது என்று நம்பி அடுத்து வருபவர் கைவைப்பார்.

டெஸ்டர் சொல்லும் பொய்

இருவழி இணைப்பில் டெஸ்டரை மட்டும் நம்பிப் பழுது தேடுவது வழிதவறச் செய்யும். படியடிச் சுவிட்ச் எந்த நிலையில் இருந்தாலும் இடைக்கம்பிகளில் ஒன்றில் எப்போதும் ஃபேஸ் இருக்கும். மற்றொன்று எதனோடும் சேராமல் அதே குழாயில் அதை ஒட்டியே பல மீட்டர் ஓடுகிறது. இரு கம்பிகளும் சேர்ந்து ஒரு சிறிய மின்தேக்கியைப் போலச் செயல்பட, சேராத கம்பியிலும் ஒரு போலி மின்னழுத்தம் தோன்றும். நியான் டெஸ்டர் அதில் மங்கலாக எரியும். மல்டிமீட்டர் பல பத்து வோல்ட்டுகளைக் காட்டும். உண்மையில் அந்தக் கம்பியால் ஒரு பல்பை எரிக்க முடியாது. பழைய வயர்மேன்கள் டெஸ்ட் லேம்ப் எனப்படும் ஹோல்டரில் மாட்டிய இழை பல்பை வைத்துச் சோதித்ததற்கு இதுவே காரணம். மின்னோட்டத்தை இழுத்துப் பார்த்தால் போலி அழுத்தம் மறைந்துவிடும்.

அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக ஒளிர்வதும், சில நொடிகளுக்கு ஒருமுறை மின்னுவதும் இதே காரணத்தால் நேரலாம். கம்பிகளுக்கிடையே கசியும் மைக்ரோ ஆம்பியர் அளவு மின்னோட்டம் பல்பின் உள்ளே இருக்கும் மின்தேக்கியைச் சிறிது சிறிதாக நிரப்பி, ஒரு கட்டத்தில் கணநேரம் ஒளிரச் செய்கிறது. 60 வாட் இழை பல்பு இருந்த காலத்தில் இந்தக் கசிவு இருந்ததே யாருக்கும் தெரியாது. வேறு தரமான பல்பை மாற்றிப் பார்ப்பது முதல் வழி. அதிலும் தொடர்ந்தால் பல்பின் இரு முனைகளுக்கு இடையே 0.1 மைக்ரோ ஃபாரட் அளவுள்ள, மின்லைனில் பயன்படுத்தத் தகுந்த எக்ஸ்2 வகை மின்தேக்கி ஒன்றை வயர்மேன் பொருத்துவார். அதற்குமுன், சுவிட்சுகளின் வழியே போவது ஃபேஸ்தானா, தவறி நியூட்ரலா என்பதைப் பார்த்துவிட வேண்டும். நியூட்ரல் போனாலும் இவ்வாறே மினுங்கும். அப்போது அணைந்த விளக்கின் ஹோல்டரில் எப்போதும் ஃபேஸ் இருக்கும்.

விளக்கைப் போட்டால் ட்ரிப் ஆவது

மாடிப்படி விளக்கைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுந்தால், பலர் பல்பையும் சுவிட்சையும் மாற்றிப் பார்த்து ஓய்ந்துவிடுவர். பெரும்பாலும் பழுது அவற்றில் இல்லை. ஃபேஸ் கீழ்த்தளச் சர்க்யூட்டிலிருந்தும், அருகில் கிடைத்தது என்பதால் நியூட்ரல் மேல்தளச் சர்க்யூட்டிலிருந்தும் எடுக்கப்பட்டிருக்கும். ஆர்.சி.சி.பி. தன் வழியே போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று பார்க்கும் கருவி. இரு தளங்களுக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. இருந்தால், கீழ்த்தளக் கருவியின் பார்வையில் போன மின்னோட்டம் திரும்பவே இல்லை. வீடுகளில் பொருத்தப்படுவது பொதுவாக 30 மில்லியாம்பியர் வகை. 9 வாட் பல்பே 230 வோல்ட்டில் குறைந்தது 39 மில்லியாம்பியர் இழுக்கும் என்பதால் உடனே விழுந்துவிடும். பல ஆண்டுகள் சிக்கலின்றி ஓடிய வீட்டில், புதிதாக ஆர்.சி.சி.பி. மாட்டிய அன்று இந்தத் தொல்லை தொடங்குவதும் இதனால்தான். கருவியைக் கழற்றிவிடுவது தீர்வாகாது. கடன் வாங்கிய அந்த நியூட்ரல் வேறு வகையிலும் கொல்லக்கூடியது: கீழ்த்தள எம்.சி.பி.யை இறக்கிவிட்டு அந்த நியூட்ரல் இணைப்பைப் பிரித்தால், மேல்தளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியின் வழியாக அதன் நுனியில் ஃபேஸ் வந்து நிற்கும்.

மூன்று இடங்களிலிருந்து கட்டுப்படும் விளக்கில், இரு இருவழி சுவிட்சுகளுக்கு நடுவே நான்கு முனைகள் கொண்ட இடைநிலைச் சுவிட்ச் இருக்கும். அது இரு இடைக்கம்பிகளையும் நேராகவோ குறுக்காகவோ இணைக்கிறது. அங்கே கூட்டுநிலைகள் எட்டு, விளக்கு எரிய வேண்டியவை நான்கு. சோதிக்கும் முறையில் வேறு மாற்றம் இல்லை.

பழுது நீக்கிய பின் நான்கு நிலைகளையும் இருமுறை சோதிக்க வேண்டும். பிறகு விளக்கு அணைந்திருக்கும் இரு நிலைகளிலும், பல்பைக் கழற்றிவிட்டு, ஹோல்டரின் இரு முனைகளிலும் ஃபேஸ் இல்லை என்பதை வயர்மேன் டெஸ்ட் லேம்ப் கொண்டு எர்த்துக்கு எதிராகப் பார்க்க வேண்டும். ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் அந்த லேம்ப் ஒளிர்ந்தாலோ, அதை வைத்த கணமே கருவி விழுந்தாலோ, சுவிட்சுகளில் நியூட்ரல் ஓடுகிறது, அல்லது முன்பு கூறிய கம்பி மிச்சம் பிடிக்கும் முறை அந்த வீட்டில் இருக்கிறது.